வெறும் வயிற்றில் முங்குகிறவர்கள்

என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, பசியோடு இருக்கிறாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் அவளைப் பட்டினி போடுகிறார்கள் என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. நான் அம்மாவைச் சொன்னேன். அம்மா என்னைச் சொன்னாள், நான் வாங்கிவந்து திணிக்கிற கண்டதையும் தின்றுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்று. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது தெரிய வந்தபோது மைனிக்கு எட்டாம் மாதம்.

வேகமாகப் போய்விட்டேன். முதலில் இருந்தே சொல்கிறேன்.

அப்போது நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மீன் அறுக்காத நாள் கிடையாது. ஆனால் மீனை அறுத்து உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லப் படித்த பெண் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதே, இன்றைக்கு யாருக்கு எதைப் புரியவைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே வருவேன். குழாயடியில் நிற்கிறவர்கள், “டாக்டரம்மா வாரா, குடத்தத் தூக்கிட்டு ஓடுங்கட்டி” என்பார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

அண்ணன் சங்கு குளிக்கிறவன். அப்பா இருந்தவரை அவரும் அதுதான். முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. கடலில் மிச்சம் இருந்தது சங்கு. விடியும் முன்னே எழுந்து வாயைக் கொப்பளித்து, கழுத்தில் கிடக்கிற மாதா சுரூபத்தை முத்தமிட்டுவிட்டுப் போவான். பச்சைத் தண்ணீர்கூட ஒரு மடக்குக்கு மேல் கிடையாது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு இருக்கிற வரை அடியில் தடவிப் பொறுக்கி, கயிற்றை இழுத்தால் மேலே இருக்கிறவர் தூக்கிவிடுவார். அண்ணனுக்குக் கயிறு பிடித்தது மைனியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு அத்தான் முறை. எங்கள் பக்கத்தில் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலியைத் தானே அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. பகல் சாய்ந்து கரைக்கு வந்த பிறகுதான் அண்ணனுக்கு முதல் கவளம். நிறைந்த வயிற்றோடு முங்குகிறவனுக்கு மூச்சு நிற்காது என்பது எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாதவர்களுக்கும் தெரிந்த பாடம்.

அந்த வீட்டில்தான் மைனி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

முதல் பிள்ளை கல்யாணமான மறுவருஷமே உண்டானது. முதல் பேறு பிறந்த வீட்டில் என்பதால் அங்கே போயிருந்தாள், அடுத்த தெருதான். அவளுடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார். ஒரே மகள். ஏழாம் மாதம் சோறு பொங்கிப் போட்ட நாளில் ஆட்டுக்கறி, முட்டை, சீலா மீன் என்று வரிசையாக வைத்து, வைத்ததெல்லாம் ஊட்டினார். அதற்குப் பிறகும் பிரசவம் வரை அந்த ஊட்டல் நிற்கவில்லை. வலி வந்தபோது பிள்ளை இறங்கவில்லை. “மூச்சப் பிடிச்சு முக்குளா, மூச்ச விட்ராத” என்று மருத்துவச்சி கத்திக்கொண்டிருந்தது தெருமுனை வரை கேட்டது. மைனியால் பிடிக்க முடியவில்லை. பிள்ளை வந்தபோது நீலமாக இருந்தது. ஆண்பிள்ளை. கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி, ஞானஸ்நானம் கிடைக்காத பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த மணலில் அண்ணனே குழி தோண்டினான். சிலுவை வைக்கவில்லை. வைக்கக்கூடாதாம்.

ஆகவே இரண்டாவது முறை எது நடந்தாலும் பிள்ளை உயிரோடு வர வேண்டும். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அம்மா அதற்குத் தன் வழியில் இறங்கினாள். நண்டு கூடாது, நண்டு நேராக நடக்காது, தின்றால் பிள்ளை குறுக்கே கிடக்கும். கணவாய் கூடாது, அதன் மை பிள்ளை தோலில் இறங்கும். பப்பாளியும் அன்னாசியும் எள்ளும் சூடு. ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைப் பிள்ளைத்தாச்சி கண்ணில்கூடக் காட்டக்கூடாது. அண்ணன் கொண்டுவருகிற சங்குச் சதையை மிளகு போட்டு வதக்கினால் குசினியை விட்டு யாரும் நகர மாட்டோம். அதுவும் மைனிக்குக் கிடையாது. தொட்டால் சங்கு மூடியை இழுத்துக்கொள்ளும் அல்லவா, அதுபோல வலி நேரத்தில் கர்ப்பப்பை மூடிக்கொள்ளுமாம்.

“இதெல்லாம் கழிச்சா மிச்சம் சோறும் ரசமும் ஜெபமாலையுந்தாம்மா இருக்கு” என்றேன்.

“ஜெபமாலையக் கொறச்சலாச் சொல்லாத” என்றாள் அம்மா. “சோறும் அர வயித்துக்குத்தான். போன தடவ பிள்ள பெருத்துதான போச்சு.”

“சோத்துப் பானைக்குள்ளயா பிள்ள கெடக்கு? பிள்ள இருக்க இடம் வேற, சோறு போற இடம் வேற.”

“ஒரு பிள்ளையப் பெத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. தவளையப் பிளந்து பாத்துட்டு வந்து சொல்லாத.”

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்தாள். அவளும் சங்கு குளிக்கிறவர் பெண்டாட்டிதான், கல்யாணமாகி அப்போதுதான் வந்திருந்தாள். எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவள் சமைத்து முடித்துவிடுவாள்.

மைனி எதற்கும் பதில் சொல்ல மாட்டாள். ரொம்பவும் வாய்க்காரி அவள். முதல் பிள்ளைக்கு முன்னால் அவளும் நானும் சேர்ந்தால் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். மாசமான பிறகு பேச்சைச் சுருக்கிவிட்டாள். பேசினால் இரைக்கிறது என்பாள்.

சுகாதார நர்ஸம்மா ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். மைனியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. “ரத்தம் கம்மி. நல்லா சாப்பிடச் சொல்லு. இந்த மாத்திரைய விடாமப் போடச் சொல்லு. நீ படிச்ச பொண்ணு, நீதான் பாத்துக்கணும்” என்றார். இரும்புச்சத்து மாத்திரைகள். எனக்குக் கொம்பு முளைத்தது. அன்று முழுக்க ரத்தம் என்றால் என்ன, அதில் இரும்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன்.

அம்மா கேட்டுவிட்டு, “அந்த மாத்திரையத் தின்னவளுக்கு வெளிக்கிக் கறுப்பாப் போச்சாம். வெளிக்கியே கறுத்தா பிள்ள கறுக்காதா?” என்றாள்.

“கறுத்தா என்ன? நாம எல்லாரும் என்ன வெள்ளைக்காரனா?”

“நீ கறுத்துப் பொறந்து நான் பட்டது எனக்குத்தான தெரியும்.”

அதன்பின் மாத்திரையை நானே மைனி கையில் கொடுத்தேன். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவேன். வரும்போது அவித்த முட்டை, வேர்க்கடலை, பேரீச்சம்பழம், ஏதாவது ஒன்று என் பையில் இருக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் கொடுப்பதாக எனக்கு நினைப்பு. மைனி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “பொறவு திங்கேன்” என்பாள். அவள் கன்னம் மட்டும் நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே போயிற்று. காலில் நீர் வைத்தது. அம்மா மறைவில் சோற்றைப் பிடுங்குகிறாள் என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனபோது மைனி தண்ணீர் அண்டாவுக்கு முன்னால் மண்டியிட்டு, முகத்தை முழுதாக உள்ளே விட்டிருந்தாள். நான் நின்றது அவளுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பயந்து தோளைத் தொட்டேன். நிமிர்ந்தபோது கண் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, தண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தாள்.

“வெக்கையா இருக்குளா” என்றாள்.

பிள்ளைத்தாச்சி உடம்பில் சூடு ஏன் கூடுகிறது என்று அவளுக்கு அப்போதே விளக்கம் சொன்னேன். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மா முட்டைக் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இந்த வருஷம் நம்ம கோழிக மட்டும் எப்பிடி இப்பிடிக் கொழுத்துக் கெடக்கு?” நான் கொல்லைக்குப் போனேன். கோழிகள் கொத்திக்கொண்டிருந்தது மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அதற்குள் என் பேரீச்சம்பழம். கொஞ்சம் தள்ளி, அண்ணன் எப்போதோ கொண்டுவந்து போட்ட உடைந்த சங்கு ஒன்றில் மாத்திரைகள். அடக்கி வைத்திருந்து துப்பியவை, பாதி கரைந்து மண்ணோடு ஒட்டியிருந்தன.

“நீதான போடுத?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

“நான் எதுக்குப் போடுதேன்? அர வயித்துக்குன்னு நான் வைக்கத கோழிக்கா வைக்கேன்? நான் வைக்கதையாவது திங்கான்னுல்லா நெனச்சிருந்தேன்.” அம்மாவின் முகம் மாறிவிட்டது. அரை வயிறு என்று அவள் கணக்குப் போட்டது கால் வயிறுகூட இல்லை என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மைனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானபின் அவளுக்கு நிம்மதி மாதிரி இருந்தது. பழையபடி பேசினாள்.

“உங்க அண்ணன் முங்கப் போறப்ப என்ன திங்காவ?” என்று என்னைக் கேட்டாள்.

“அதுக்கென்ன?”

“சொல்லு. என்ன திங்காவ?”

“ஒண்ணும் திங்க மாட்டான்.”

“ஏன்?”

“மூச்சு நிக்காது.”

“எனக்கு மட்டும் நிக்குமா? அன்னைக்கு எனக்கு மூச்சு நின்னுச்சா? எங்கம்மா ஏழாம் மாசத்துல இருந்து ஊட்டுன ஊட்டுல வயிறு மேல ஏறி நெஞ்ச அடச்சிட்டு. மருத்துவச்சி மூச்சப் பிடி மூச்சப் பிடின்னா. பிடிக்க மூச்சு இருந்தாத்தானளா பிடிக்க? இன்னுங் கொஞ்சம் மூச்சு இருந்திருந்தா என் பிள்ள வந்திருப்பான்.” வயிற்றில் கையை வைத்தாள். “உங்க அண்ணன்கிட்ட கேட்டுத்தான் பழகுதேன். மொதல்ல எனக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுற நேரங்கூட நிக்கல. இப்ப கர்த்தர் கற்பித்த செபமும் சேத்துச் சொல்லிருதேன்.”

அண்டா. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் பேசினேன். நுரையீரல், இரைப்பை, கர்ப்பப்பை மூன்றும் தனித்தனி என்று கரித்துண்டை எடுத்து அடுக்களைச் சுவரில் வரைந்தேன். முக்குவதற்குப் பலம் வேண்டும், பலத்துக்கு ரத்தம் வேண்டும், ரத்தத்துக்குச் சோறு வேண்டும். அவள் படத்தை நன்றாகவே பார்த்தாள்.

“எல்லாம் ஒரே உடம்புக்குள்ளதான இருக்கு?” என்றாள்.

எனக்கு என்ன கோபம் என்றால், அவள் முட்டாள் இல்லை. அம்மாவின் நண்டும் கணவாயும் அவளுக்கு வெறும் சிரிப்பு. ஆனால் இது அவள் கண்ணால் தினமும் பார்க்கிற பாடம். விடியுமுன் வெறும் வயிற்றோடு போகிற புருஷன் மாலையில் உயிரோடு வருகிறான். முங்குகிறவனுக்கு அந்த விதி சரி. சரியான விதியை எடுத்து வேறு ஒரு வேலைக்குப் போட்டுவிட்டாள். தப்பான விதியாக இருந்தால் என்னால் உடைத்திருக்க முடியும்.

ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கலாம் என்றேன். அம்மா, “வயித்தக் கீறிருவாவ” என்றாள். மைனி, “அங்க போனா சோறு தின்னச் சொல்லுவாவ” என்றாள். இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள்.

அண்ணனைப் பிடித்தேன். படகு கரை ஏறுகிற நேரம் போய் நின்றேன். சங்கை எண்ணி ஒப்படைத்துவிட்டு வந்தவனிடம், நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கூட வந்த அத்தான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் அதிகம் பேசாதவன். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது மைனியின் தட்டில் தானே சோற்றை அள்ளி வைத்தான்.

“தின்னு” என்றான்.

“நாளைக்கு நீங்க தின்னுட்டு முங்குங்க” என்றாள் மைனி. “நானும் திங்கேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் செய்ய மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணன் தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

“சரி” என்றான்.

மறுநாள் அவன் கிளம்புமுன் அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோறு கரைத்துக் குடித்தான், உப்பு மிளகாயோடு, ஒரு கும்பா. மைனி எதிரில் உட்கார்ந்து, சொன்ன வாக்குக்காக, அவன் ஒரு வாய் வைத்தால் தானும் ஒரு வாய் வைத்தாள். கருவாட்டையும் கடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். நான் துள்ளாத குறை. அன்று கல்லூரியில் தோழிகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எங்கள் அண்ணன் மாதிரி புருஷன் உண்டா என்று.

நான் வீடு திரும்பியபோது அண்ணன் பாயில் கிடந்தான். அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே தப்பாகப் பட்டது. மூக்கடியில் ரத்தம் காய்ந்திருந்தது. அத்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“அடியில கக்கிருக்கான்” என்றார், என்னைப் பார்க்காமல். “கயிறு ஆடுன ஆட்டம் எனக்குப் புதுசா இருந்திச்சு. இழுத்துப் போட்டா வாயெல்லாம் பழைய சோறு. தின்னுட்டு வந்தேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லிருந்தா கயித்தையே தொட்டிருக்க மாட்டேன்.”

“மைனி சாப்பிடணும்னுதான் அத்தான்...”

“ஏளா, உம் படிப்பக் கரையோட வச்சுக்க. கயிறு பிடிக்கிறவன் நானு.”

மைனி ஈரத்துணியால் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. துணியைப் பிழிந்துவிட்டு, “பாத்தியாளா?” என்று மட்டும் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள், நானும் ஒத்துக்கொள்வேன் என்பதுபோல.

அன்றோடு முடிந்தது. அதன்பிறகு அவளைத் தின்னச் சொல்ல அண்ணனால் வாய் திறக்க முடியவில்லை. அம்மாதான் மாறினாள், முழுத்தட்டுச் சோறு வைத்துக்கொண்டு, “ஒரு உருண்டைளா, உன் மாமி கேக்கேன்லா” என்று கெஞ்சினாள். கணவாயைக்கூட வறுத்து வைத்தாள். மைனி சோறு வடித்த தண்ணீரில் உப்புப் போட்டு, அண்ணன் கரைக்கு வருகிற நேரத்தில் ஒரு தம்ளர் குடிப்பாள். மற்ற நேரம் அண்டா.

வலி வந்தது பகலில், பரீட்சை விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது. ஆண்கள் கடலில். அதே மருத்துவச்சிதான் வந்தாள். நான் வெந்நீரும் துணியுமாக ஓடிக்கொண்டிருந்தேன். மைனி கத்தவில்லை. மருத்துவச்சி மூச்சைப் பிடி என்று சொல்வதற்கு முன்பே பிடித்தாள். கன்னம் உப்பி, கண்ணை மூடி, எங்கோ கீழே போய்விட்டவள்போல் இருந்தாள். அவள் வாய்க்குள் செபம் ஓடுவது உதட்டில் தெரிந்தது. நாங்கள் பயந்ததுபோல ஒன்றும் இல்லை. அடுப்பில் வைத்த இரண்டாவது பானை கொதிக்கும் முன்னால் பிள்ளை வந்துவிட்டது. பெண்பிள்ளை. காரல் மீன்போல ஒட்டிப்போய், தோல் சுருங்கி. ஆனால் வந்ததும் அழுதது.

“தூண்டில்ல வந்த மாதிரில்லா வழுக்கிட்டு வந்துட்டா” என்றாள் மருத்துவச்சி.

அம்மா அழுதுகொண்டே மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மைனி என்னைத்தான் பார்த்தாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

“மூச்சு இருந்திச்சுளா” என்றாள். “இன்னும் மிச்சங் கெடக்கு.”

பிறகு ரத்தம் வந்தது. எல்லோருக்கும் வருகிறதுதான் என்றாள் மருத்துவச்சி. துணி மாற்றினாள். திரும்பவும் மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டு அடிவயிற்றை அழுத்த ஆரம்பித்தாள். நான் தெருவுக்கு ஓடி, ரயிலடிப் பக்கம் நிற்கிற டாக்ஸி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினேன். மைனியைப் பாயோடு தூக்கி ஏற்றினோம். என் மடியில் அவள் தலை. உதடு எது, முகம் எது என்று தெரியாமல் ஒரே நிறமாக இருந்தது.

“கஞ்சி அடுப்போரத்துல மூடி வச்சிருக்கேன்” என்றாள். “உங்க அண்ணன் வெறும் வயித்தோட வருவாவ. ஊத்திக் குடுத்துரு.”

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போதும் தோன்றியது, இப்போதும். அவரும் அதே கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “போன ரத்தம் ரொம்ப இல்ல. வேற பொண்ணா இருந்தா தாங்கிருவா. இந்த உடம்புல இருந்ததே அவ்வளவுதான்” என்றார். ரத்தம் வேண்டும், உறவுக்காரர்களைக் கூப்பிடுங்கள் என்றார்.

அண்ணனும் அத்தானும் கரையில் இருந்து நேராக வந்து சேர்ந்தார்கள். காலில் மணல், உடம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ரத்தம் பார்த்ததில் அத்தானுடையது சேர்ந்தது, அண்ணனுடையது சேரவில்லை. நர்ஸ் அத்தானிடம், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டார்.

அத்தான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான்.

“இல்லம்மா” என்றார் அத்தான். “கடலுக்குப் போறவங்க. இனிமேத்தான்.”

“வெறும் வயித்துல எடுத்தா மயங்கிருவீங்க. ஏதாவது போட்டுட்டு சீக்கிரம் வாங்க.”

வாசல் டீக்கடையில் அத்தான் நின்றபடி பன்னைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டார். மெல்லாமல் டீயை ஊற்றி விழுங்கினார். அண்ணன் அந்தப் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு ஆன நேரம் ஒன்றும் அதிகமில்லை. அதனால்தான் மைனியின் உயிர் போயிற்று என்று நான் சொல்லவில்லை.

ரத்தம் எடுத்து, பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மைனியின் கையில் ஏற்றினார்கள். அத்தானைப் படுத்திருக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, வந்து கட்டிலோரம் நின்றுகொண்டார். பாட்டிலில் இருந்து இறங்குகிற ரப்பர் குழாயை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்தார். அழுத்தவில்லை. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், படகில் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல, கீழிருந்து ஒரு அசைவு வருமா என்று. மைனி ஒருமுறை நீளமாக மூச்சை இழுத்தாள். பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. டாக்டரம்மா நாடியை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகும் அத்தான் விரலை எடுக்கவில்லை. “விட்ருங்கண்ணாச்சி” என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குச் சிலுவை உண்டு. சுவரோரத்து மணலில் இருந்து தூரம்தான். முதல் பிள்ளையை எடுத்து அவளோடு சேர்த்து வைக்க முடியுமா என்று அண்ணன் கேட்டான். முடியாது என்றார்கள்.

பிள்ளை ஆட்டுப்பால் குடித்து உயிரோடு இருக்கிறாள். அம்மா அவளைக் கையை விட்டு இறக்குவதில்லை. மைனிக்குப் பால் ஊறுவதற்காக வாங்கிவைத்த சுறாக் கருவாடு குசினியில் வெகுநாள் தொங்கியது. யாரும் அதை எடுத்துப் புட்டு அவிக்கவில்லை, எறியவும் இல்லை. அண்ணன் மறுபடி கடலுக்குப் போகிறான், வெறும் வயிற்றோடு. தங்கை இல்லாமல் போன பிறகும் கயிறு பிடிப்பது அத்தான்தான். வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாமா என்று அண்ணன் ஒருமுறை கேட்டபோது, “உன் மகளுக்கு நான்தானல தாய்மாமன்” என்றாராம்.

தெரு பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரத்தம் போனது விதி என்றார்கள். ஆனால் பிள்ளை சுளுவாக வந்ததே, அதைப் பார்த்தீர்களா என்றார்கள். மருத்துவச்சி போகிற வீட்டிலெல்லாம் தூண்டிலில் வந்த மீனைப் பற்றியே சொன்னாள். செத்துப்போன மைனியிடம் தெரு ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. குழாயடியில் நின்று நான் கத்திப் பார்த்தேன். இப்போது யாரும் என்னை டாக்டரம்மா என்று கேலி செய்வதில்லை. துக்கம் நடந்த வீட்டுப் பெண் என்று ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். கேலியே தேவலை.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். அம்மா பூசைக்குப் போயிருந்தாள். அக்கா பிள்ளையைக் கொஞ்சினாள், கன்னத்தைத் தொட்டாள், போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏளா, உங்க மைனி அண்டாவுல மூஞ்சிய முக்குவாள்லா. கண்ணத் தொறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?”

எனக்கு வாயில் வந்தது ஆயிரம். நுரையீரல், இரைப்பை, கர்ப்பப்பை. அடுக்களைச் சுவரில் கரிக்கோடு இன்னும் அழியாமல்தான் இருந்தது. நான் அதைக் காட்டவில்லை. அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். அவள் விலகவில்லை.

“அக்கா, காலைல என்ன தின்னிய?”

“கஞ்சித் தண்ணி.”

தட்டில் சோற்றைப் போட்டு மீனையும் வைத்தேன். இரண்டு வாய் வைத்தாள். “மிச்சத்த வீட்டுல போய்த் திங்கேன்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அவள் வீட்டிலும் கோழிகள் இருந்தன. கொல்லை வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன இது, காவலா?” என்றாள்.

“ஆமா. நாளைக்கும் வருவேன்.”

அவள் என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் தட்டை வைத்து உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக, சின்னச் சின்ன உருண்டையாக உருட்ட ஆரம்பித்தாள்.